சீப்பு, கத்தி, நெயில் கட்டர்: நெய்வேலி நகரியத்தில் கிருமி அச்சம் குறித்து ஓர் ஆய்வு

மனிதன் கிருமிக்கு அஞ்சுகிறானா, கிருமியை வைத்திருக்கும் மனிதனுக்கு அஞ்சுகிறானா என்பது அறிஞர்கள் இன்னும் கைவைக்காத சிக்கல். இதைத் தீர்க்க ஆய்வகம் தேவையில்லை. நெய்வேலி குவார்ட்டர்ஸ் ஒன்றின் முகம் பார்க்கும் கண்ணாடியும், அதன் கீழுள்ள தட்டும், அந்தத் தட்டை யார் யார் துழாவுகிறார்கள் என்று பார்க்கும் பொறுமையும் போதும் என்பது இக்கட்டுரையாளரின் துணிபு.

ஆய்வுக்களம் நெய்வேலியாக அமைந்தது தற்செயல் அன்று. 1956-ல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கிய பிறகு, பல ஜில்லாக்காரர்களும் வெளிமாநிலத்தவரும் இங்கே வந்து ஒரே அச்சில் வார்த்த வீடுகளில் குடியேறினார்கள். சொந்தபந்தம் ஊரில் இருந்தது. அவசரத்துக்குப் பக்கத்து வீடுதான் இருந்தது. ஆகவே பக்கத்து வீட்டம்மா அத்தையானார், எதிர்வீட்டு ஆபரேட்டர் சித்தப்பாவானார். வேலிக்கு மேலே முருங்கைக்காய் போனது, காப்பித்தூள் வந்தது. அவற்றோடு சேர்ந்து போய்வந்த சில்லறைச் சாமான்களே நம் ஆய்வுப்பொருள். சுரங்கத்தில் ஷிப்ட் முடித்து வருகிறவர் தலையோடு கொஞ்சம் சுரங்கத்தையும் கொண்டுவருவார் என்பதால், சீப்புக்கு இந்த ஊரில் கூடுதல் வேலை உண்டு என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

தொல்காப்பிய மரபைப் பின்பற்றி இச்சாமான்களை அகம், புறம் எனப் பகுக்கலாம். பாத்ரூமுக்குள் இருப்பவை அகம்: பல் துலக்கும் பிரஷ், ரேசர். கூடத்தில் கண்ணாடியடியில் கிடப்பவை புறம்: சீப்பு, பவுடர் டப்பா. இரண்டிலும் சேராமல் டிவி மேலும் சாமி அலமாரியிலும் சாவிக்கொத்திலும் திரியும் நெயில் கட்டர், அகப்புறம்.

முதலில் சீப்பு. வீட்டில் நடக்கும் சுகாதாரப் போர்களில் பெரும்பாலானவை இதைக் குறித்தவை. "என் சீப்ப எவ எடுத்தா? பல்லு பூரா முடி!" என்ற குரல் காலை பள்ளிக்கூட நேரத்தில் நகரியத்தின் எந்த வட்டத்திலும் கேட்கும். இந்தக் கவலைக்குத் தொல்லியல் சான்றும் இருக்கிறது. இஸ்ரேலின் லாகிஷ் என்ற இடத்தில் கிடைத்த, ஏறத்தாழ 3,700 ஆண்டுப் பழமையான தந்தச் சீப்பில், தலையிலும் தாடியிலும் உள்ள பேனை இது ஒழிக்கட்டும் என்ற பொருளில் ஒரு வாசகம் பொறித்திருக்கிறது. அது படிக்கப்பட்டு 2022-ல் வெளியானது. நம் கீழடியிலும் தந்தச் சீப்பு கிடைத்திருக்கிறது. அதில் எழுத்து ஒன்றும் இல்லாததால், அது யாருடையது என்ற சண்டை அன்றே நடந்திருக்கும் எனக் கொள்வதில் தவறில்லை.

ஆனால் பேனின் இயல்பைப் பார்த்தால் சீப்பின் மேலுள்ள கோபம் சற்று அதிகம். பேனுக்குத் தாவத் தெரியாது, பறக்கவும் தெரியாது. தலையோடு தலை ஒட்டும்போதுதான் அது பெரும்பாலும் குடிபெயர்கிறது. தலையை விட்டு விழுந்தால் ஓரிரு நாளில் பட்டினியால் சாகும். தலையில் வரும் படர்தாமரையின் பூஞ்சை அப்படியல்ல, சீப்பில் நெடுநாள் காத்திருக்கும். பேனைப் பொறுத்தவரை, கைபொறுக்காத சூட்டில், அதாவது 54 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட வெந்நீரில், சீப்பைப் பத்து நிமிடம் போட்டாலே வழக்கு முடிந்துவிடும். யாரும் போடுவதில்லை, வழக்கை முடிக்க யாருக்கும் விருப்பமில்லை என்று தெரிகிறது.

அடுத்து கத்தி. இதில் நம்மவர் அடைந்த மாற்றம் வரலாற்றில் பொறிக்கத்தக்கது. ஒரு காலத்தில் சலூன்காரர் தோல்வாரில் நாலு இழுப்பு இழுத்துத் தீட்டிய கத்திக்கு ஊரே கன்னம் கொடுத்தது. 1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தார்கள். செய்தி பரவப் பரவ, பயமும் சலூன் நாற்காலி வரை வந்து உட்கார்ந்தது. இப்போது சலூன்காரர் பிளேடை உறையோடு எடுத்து, நம் கண்முன்னே இரண்டாக உடைத்து, பாதியைக் கத்தியில் செருகினால்தான் தலை பின்னால் சாயும். செய்யாவிட்டால், "அண்ணே, புது பிளேடுதானே?" என்ற கேள்வி தினத்தந்திக்குப் பின்னாலிருந்து வரும்.

இங்கேதான் ஆய்வாளன் நிமிர்ந்து உட்கார வேண்டியிருக்கிறது. புது பிளேடில் சவரம் முடிந்ததும் சலூன்காரர் படிகாரக் கட்டியை எடுக்கிறார். நடுப்பக்கம் தேய்ந்து பள்ளமாகி, ஓரத்தில் நேற்றைய நுரை காய்ந்து ஒட்டிய அதே கட்டி. காலையிலிருந்து வந்த அத்தனை கன்னங்களின் கீறலையும் தடவி வந்த அதற்கு, பிளேடுக்காக வழக்காடிய ஆசாமி கண்ணை மூடிக் கன்னத்தைக் காட்டுகிறார். செவ்வாய்க்கிழமை சலூன் மூடியிருந்தாலோ கதை இன்னும் மோசம்: வீட்டுக்கு வந்திருக்கும் மச்சானின் ரேசரை எடுத்து, குழாயில் ஒரு ஆட்டு ஆட்டி, தாமே வேலையை முடித்துக்கொள்கிறார். எச்.ஐ.வி. உடம்புக்கு வெளியே அதிகம் தாக்குப்பிடிப்பதில்லை. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸோ, காய்ந்த ரத்தக் கறையில் குறைந்தது 7 நாள் உயிரோடு காத்திருக்கும். அந்த வைரஸைக் கண்டறிந்த புளூம்பர்க்குக்கு 1976-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். மச்சானின் ரேசருக்கு அந்தச் செய்தி எட்டவில்லை.

துண்டைப் பற்றி விரித்துரைக்கத் தேவையில்லை. மெட்ராஸ் ஐ வந்த வீட்டில் அது தானாகவே தனிக்கொடிக்குப் போய்விடுகிறது. கண் சிவந்தால் தெரிகிறது அல்லவா!

இனி நெயில் கட்டர். இக்கருவியை இரவல் தர மறுத்த குடும்பத்தை இக்கட்டுரையாளர் நகரியம் முழுக்கக் கண்டதில்லை. "அக்கா, நெயில் கட்டர் இருந்தா குடுங்களேன், பையனுக்கு நாளைக்கு ஸ்கூல்ல பாப்பாங்க" என்று ஞாயிற்றுக்கிழமை குரல் வந்தால், சீப்பைத் தொட்ட மகளைத் திட்டிக்கொண்டிருந்த அதே அக்கா புன்னகையோடு எடுத்துத் தருவார். போன பொருள் அந்த வீட்டுப் பெரியவரின் பூஞ்சை பிடித்துத் தடித்த கால்விரல் நகத்தை, இருமுறை சதையோடு, வெட்டிவிட்டுப் பையனிடம் போகும். பிறகு மூன்றாம் வீட்டுக்கும் போய், வேறு வழியாக வீடு திரும்பும். ரத்தசம்பந்தமில்லாத குடும்பங்களுக்கிடையே ரத்தசம்பந்தம் ஏற்படுத்த வல்ல கருவி இதைவிட வேறில்லை. இதற்கு இருக்கும் தடையெல்லாம் செவ்வாய், வெள்ளியில் வெட்டக்கூடாது, விளக்கு வைத்தபின் வெட்டக்கூடாது என்பவைதான். யாருடையதால் வெட்டக்கூடாது என்று எந்தப் பாட்டியும் சொல்லிவைக்கவில்லை.

இவற்றிலிருந்து பெறப்படும் விதி: நெய்வேலியில் கிருமி அச்சம், ரத்தம் வரும் வாய்ப்புக்கு எதிர்விகிதத்திலும், பொருளின் சொந்தக்காரர் மேலுள்ள கடுப்புக்கு நேர்விகிதத்திலும் அமையும். நாத்தனாரின் சீப்பு கொடிய நோய்களைப் பரப்பும்; பிடித்த அத்தையின் நெயில் கட்டர் பரப்பாது. இவ்விதியை மறுப்பவர்கள் விருத்தாசலத்துக்குப் பக்கத்திலுள்ள கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது எழுதிக் கட்டலாம். முருகன் அங்கே மனுக்களை நேரடியாகவே வாங்கிக்கொள்கிறார்.

முடிவாக நகரியவாசிகளுக்கு ஒரு விண்ணப்பம். மெயின் பஜாரில் நெயில் கட்டருக்கு ஆகும் செலவு, நாலு பேருக்கு டீ வாங்கித் தரும் செலவைத் தாண்டாது. ஆளுக்கு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். வேளாங்கண்ணி மாதா படம் போட்ட எங்கள் வீட்டு நெயில் கட்டர் இப்போது எந்த வட்டத்தில் இருந்தாலும் சரி, வைத்திருப்பவர் தயவுசெய்து அதைத் திருப்பித் தர வேண்டாம்.