தலைமையாசிரியர் முதலில் சாப்பிடும் பள்ளி

நிஷிகசாய், தோக்கியோ

அன்புள்ள அப்பாவுக்கு,

போன் பேசும்போதெல்லாம் "பேத்தி என்ன ரேங்க்?" என்று கேட்கிறீர்கள். இங்கே தொடக்கப் பள்ளியில் ரேங்க் கிடையாது. பருவ முடிவில் வரும் அட்டையில் மிக நன்று, நன்று, இன்னும் கொஞ்சம் முயலலாம் என்று மூன்றே தினுசு குறிகள். அதை எப்படிக் கூட்டிக் கழித்தாலும் பக்கத்து வீட்டுப் பிள்ளையை உங்கள் பேத்தி முந்தினாளா என்று தெரியாது. ஃபெயிலும் இல்லை. உங்கள் மருமகள் இன்னும் இந்த அதிர்ச்சியிலிருந்து மீளவில்லை.

ஆனால் வேலை உண்டு, பெற்றோருக்கும் சேர்த்து. போன வருடம் ஏப்ரலில் முதல் வகுப்பில் சேர்ந்தபோது ஒரு கணக்குப் பெட்டி கொடுத்தார்கள். எண்ணும் குச்சிகள், வண்ண வில்லைகள், அட்டைகள், பொம்மைக் கடிகாரம். ஒவ்வொரு குச்சியிலும் பிள்ளையின் பெயர் இருக்க வேண்டுமாம். ஜப்பானியப் பிள்ளைகளுக்கு மூன்று, நான்கு எழுத்தில் பெயர் முடிந்துவிடுகிறது. குலதெய்வத்தையும் கொள்ளுப்பாட்டியையும் சேர்த்து நீங்கள் வைத்த பெயர் தீக்குச்சி பருமனுள்ள குச்சியில் எங்கே கொள்ளும்? உங்கள் மகன் நள்ளிரவு வரை கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பெயர்ச் சீட்டுகளை ஒட்டினான்.

முதுகில் மாட்டும் தோல் பை ஆறு வருடம் உழைக்கும். விலை 50,000 யென்னைத் தாண்டுவது சாதாரணம். ரூபாயில் எவ்வளவு என்று அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

உங்களுக்குப் பிடிக்கப்போவது மதியச் சாப்பாடுதான். அந்த வாரத்து முறைக்காரப் பிள்ளைகள் வெள்ளை அங்கி, தொப்பி, மாஸ்க் சகிதம் சோற்றையும் சூப்பையும் வகுப்புக்குத் தூக்கி வந்து, கரண்டி பிடித்துப் பரிமாறுகிறார்கள். ஆசிரியருக்கும் அதே சாப்பாடு. பிள்ளைகள் வாய் வைக்கும் முன்னே தலைமையாசிரியர் சாப்பிட்டுப் பார்த்தாக வேண்டும். கோளாறு ஏதும் இருந்தால் முதல் வயிற்றுவலி அவருக்கு. வெள்ளிக்கிழமை அங்கி வீட்டுக்கு வரும். துவைத்து, இஸ்திரி போட்டு, திங்கட்கிழமை அடுத்த முறைக்காரருக்குக் கொடுக்க வேண்டும்.

பள்ளி மதிய உணவு என்றதும் நீங்கள் தியாகராயர் காலத்துச் சென்னை மாநகராட்சியை இழுப்பீர்கள் என்று தெரியும். அது 1920. இங்கே 1889லேயே த்சுருஓகா என்ற ஊரில், கோயிலை ஒட்டிய பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்குச் சோற்றுருண்டையும் சுட்ட மீனும் கொடுத்திருக்கிறார்கள். மீன் இன்னும் விட்டபாடில்லை. காய்கறிச் சூப்பிலும் மீன் சாறுதான் அடித்தளம். அதனால் உங்கள் பேத்திக்குப் புளியோதரை டப்பா. வகுப்பே எட்டிப் பார்க்கிறதாம். பகிர்ந்துகொள்ள அனுமதியில்லை, ஒவ்வாமை பயம்.

சாப்பாடு முடிந்ததும் பாட்டுப் போடுகிறார்கள். எல்லோரும் துடைப்பமும் துணியும் எடுத்துக்கொண்டு வகுப்பறை, நடை, படிக்கட்டு என்று சுத்தம் செய்ய வேண்டும். "பிள்ளையைக் கூட்டிப் பெருக்கவா அங்கே அனுப்பினோம்?" என்று அம்மா பொங்கினார். நம்மூர்ப் பள்ளிகளில் துடைப்பத்தை எந்தப் பிள்ளை கையில் கொடுப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியாததா, அப்பா? இங்கே டாக்டர் மகனும் தரையில் மண்டியிட்டுத்தான் துடைக்கிறான். இதில் இந்த ஊர் பக்கம்தான் உங்கள் மகன்.

படிப்பு லேசு என்று நினைத்துவிடாதீர்கள். முதல் வகுப்பில் காஞ்சி என்ற சீனவழி எழுத்து 80, இப்போது இரண்டாம் வகுப்பில் 160, ஆறாம் வகுப்பு முடியும்போது மொத்தம் 1,026. கோடு இழுக்கும் வரிசை மாறினாலும் சிவப்பு மை. தினமும் பாடத்தை வீட்டில் உரக்க வாசிக்க வேண்டும்; பெற்றோர் கேட்டு, சரியாக வாசித்தாள் என்று அட்டையில் ஒப்பமிட வேண்டும். அவள் வாசிப்பது உங்கள் மகனுக்குப் பாதிதான் புரிகிறது. கையெழுத்து மட்டும் கம்பீரமாகப் போடுகிறான்.

வாய்ப்பாடு ஒன்பதோடு சரி. ஆனால் இந்தியர் எல்லோருக்கும் 19ஆம் வாய்ப்பாடு வரை தலைகீழாகத் தெரியும் என்று இங்கே பலமான நம்பிக்கை. பூங்காவில் ஒரு தாய் உங்கள் மகனைப் பயபக்தியோடு விசாரித்தார். பதினாறோடு நின்றுபோனவன் நாட்டின் மானம் கருதிச் சிரித்து வைத்தான்.

அடுத்த மாதம் நீங்கள் வரும்போது பெற்றோர் வகுப்பைப் பார்க்கும் நாள் வருகிறது. வீட்டுக்குள் போடும் செருப்பு ஒரு ஜோடி கொண்டுவாருங்கள். வெளிச்செருப்போடு உள்ளே விடமாட்டார்கள். பின்சுவரோரம் நின்று பார்க்கலாம். வாத்தியார் பழக்கத்தில் பாதிப் பாடத்தில் சாக்பீஸ் கேட்டு முன்னால் போகக் கூடாது என்று உங்கள் பேத்தி இப்போதே எச்சரிக்கிறாள்.

இப்படிக்கு,
உங்கள் மகன்