பெருக்கலில் மீதி

பள்ளிக்கூடக் கணக்கில் வகுத்தால்தான் மீதி வரும், பெருக்கினால் வராது. வீட்டைப் பெருக்கினால் மட்டும் வருகிறது. கூட்டிச் சேர்த்த குப்பையை முறத்தில் தள்ளிவிட்டு முறத்தை எடுத்தால், அதன் விளிம்பு இருந்த இடத்தில் பென்சிலால் இழுத்தாற்போல் ஒரு தூசிக்கோடு கிடக்கும். முறத்தை இரண்டு அங்குலம் பின்னுக்கு இழுத்து மறுபடி தள்ளினால் கோடும் இரண்டு அங்குலம் நகரும். மெலியும், ஆனால் மறையாது. இதை முறைப்படி ஆராயும் பொருட்டு இக்கட்டுரையாளர் தம் வீட்டுக் கூடத்தில் மூன்று வாரம் கள ஆய்வு மேற்கொண்டார். (அந்த மூன்று வாரமும் வீட்டு வேலைக்கு வரும் அம்மா ஊருக்குப் போயிருந்தார் என்பது ஆய்வுக்குத் தொடர்பற்ற தகவல்.)

முதலில் சொல்லாராய்ச்சி. விளக்குமாற்றில் உள்ள விளக்கு, மாடத்தில் ஏற்றும் விளக்கல்ல. பல் விளக்குகிறோம், பாத்திரம் விளக்குகிறோம் அல்லவா, அந்த விளக்கு. விளக்குமாற்றுக்கு 'அலகு' என்றும் ஒரு பெயருண்டு. திருவதிகைக் கோயிலில் திலகவதியார் செய்த தொண்டு திருவலகிடுவது. அவர் தம்பி அப்பர் கையில் புல் செதுக்கும் உழவாரம். அக்காவும் தம்பியும் வேலையை இவ்வளவு ஒழுங்காகப் பங்கிட்டுக்கொண்ட குடும்பம் அதற்குப் பிறகு அமைந்ததாகத் தெரியவில்லை. கடைசிக் கோட்டை அவர்கள் என்ன செய்தார்கள் என்று சேக்கிழார் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருந்திராது. மண்தரையிலும் சாணம் மெழுகிய தரையிலும் கோடு விழுந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. வெள்ளை டைல்ஸ் பதித்த பிறகுதான் மனிதன் அதை நேருக்கு நேர் சந்தித்தான்.

பௌத்தத்தில் இத்துறைக்கு ஒரு முன்னோடி உண்டு. சூளபந்தகர் என்ற துறவிக்கு நான்கு மாதம் முயன்றும் ஒரே ஒரு பாட்டு மனப்பாடமாகவில்லை. புத்தர் அவரிடம் ஒரு வெள்ளைத் துணியைக் கொடுத்து, தூசி நீக்கம் பற்றிய ஒரு சொல்லைச் சொல்லிக்கொண்டே அதைத் தேய்த்துக்கொண்டிருக்கச் சொன்னார். துணி அழுக்கேறுவதைப் பார்த்துப் பார்த்தே அவருக்கு ஞானம் வந்தது. வடமரபுக் கதைகளில் துணிக்குப் பதில் துடைப்பம் வரும். இக்கட்டுரையாளருக்கு மூன்று வாரத்தில் வந்தது முழங்கால் வலி.

ஆயினும் வலியோடு சில உண்மைகளும் கிட்டின. குனிந்து, கன்னம் தரையில் படும் அளவுக்குத் தாழ்ந்து பார்த்தால் விளங்கும். பிளாஸ்டிக் முறத்தின் உதடு நமக்கு மெல்லியது, மாவுத்தூசிக்கு அது மதில்சுவர். துடைப்பத்தின் நுனி அந்த மதிலைத் தொட்டதும் வளைந்து மேலேறிவிடுகிறது. மதிலின் காலடியில் கிடப்பதை அது தொடுவதே இல்லை. ஓங்கி வீசித் தள்ளினாலோ தூசி பறந்து, நாம் முதுகைத் திருப்பிய பிறகு வந்து இறங்குகிறது. முறத்தின் பின்புறத்தைச் சற்றே தூக்கி, உதட்டைத் தரையோடு அழுத்தி, சின்னச் சின்னதாகத் தள்ளினால் கோடு பாதியாகிறது. மின்விசிறியை முதலிலேயே நிறுத்துவது இன்றியமையாதது. துடைப்பம் புதிதானால் எந்த முறையும் பலிக்காது. மேகாலய மலைகளில் விளைந்த புல் தன் பூந்துகளை நம் கூடத்தில்தான் உதிர்ப்பேன் என்று பிடிவாதமாக இருக்கும். பெருக்கப் பெருக்கப் பெருகும். பெருக்குதல் என்ற சொல்லுக்குக் கூட்டித் தள்ளுதல், அதிகமாக்குதல் என்று இரண்டு பொருளும் எப்படி வந்தன என்ற ஐயம் இங்கே தீர்ந்தது.

எஞ்சிய கோட்டைக் கையாள்வதில் சமயப் பிரிவுகள் உண்டு. காலால் பரப்பிவிட்டு நடப்பவர் அத்வைதி, தூசியும் தரையும் அவருக்கு ஒன்றே. கால்மிதியைத் தூக்கி அதன் அடியில் தள்ளுபவர் சைவ சித்தாந்தி. ஐந்தொழிலில் மறைத்தலும் ஒன்று என்பார். குனிந்து ஊதுபவர் சார்வாகர், அப்போதைக்குத் தெரியாவிட்டால் போதும் அவருக்கு. முறத்துக்குப் பதில் பழைய செய்தித்தாளின் ஓரத்தை நனைத்துத் தரையில் ஒட்டிவைத்து அதன்மேல் தள்ளும் நான்காம் பிரிவை இக்கட்டுரையாளர் ஒரு பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் கண்டார். தாள் தரையோடு ஒட்டிக்கொள்வதால் மதிலே இல்லை. ஆய்வில் கண்டவற்றுள் இதுவே சிறந்தது. ஆனால் அவர் தாளைச் சுருட்டி எறிந்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார், கொள்கை விளக்கம் எதுவும் தரவில்லை.

இவ்வளவையும் மனைவியிடம் வாசித்துக் காட்டியபோது அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அந்தக் கோட்டுக்கா மூணு வாரம்? அதுக்குத்தானே அடுத்து ஈரத்துணி போட்டுத் துடைக்கிறோம்? மூணு வாரமா நீங்க பெருக்கிட்டுப் போனதும் நான் துடைச்சேனே, பார்க்கலையா?"

பார்க்கவில்லை. மறுநாள் வாளியும் துணியுமாக இக்கட்டுரையாளரே இறங்கினார். சுவரோரம் தொடங்கி, பின்னோக்கி நகர்ந்து, துணியை நான்கு தரம் அலசிப் பிழிந்து, வாசல் வரை வந்து சேர்ந்தார். கூடம் பளிச்சென்று இருந்தது. காய்ந்த பிறகு பார்த்தால், நிலைப்படியை ஒட்டி, கண்மை இழுத்தாற்போல் ஒரு கோடு. பழைய கோட்டைவிட இது சற்றே தடிமன்.