ஆறாவது சேட்

தலைவர்,
பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை,
கொழும்பு.

விடயம்: முதல் தோய்விலேயே காலமாகும் உடுப்புகளுக்கு மரண விசாரணை கோருதல்

மதிப்புக்குரிய ஐயா அல்லது அம்மணி,

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தால் பிறந்த தங்கள் சபை, அரிசியைக் கட்டுப்பாட்டு விலைக்கு மேல் விற்றவரையும், தண்ணீர்ப் போத்தலுக்குக் கூடுதலாகக் காசு வாங்கியவரையும் நீதிமன்றப் படியேற்றுவதைப் பத்திரிகையில் வாசித்து மகிழ்பவர்கள் நாங்கள். தண்ணீர் மேல் இவ்வளவு அக்கறை உள்ளவர்கள், தண்ணீர் பட்டதும் உருமாறும் பொருள் மேலும் கொஞ்சம் அக்கறை கொள்வீர்கள் என்ற நம்பிக்கையில் மன்னார்த் தீவிலிருந்து இதை எழுதுகிறோம்.

தீவில் துணிப் பரிசோதனைக்கு வசதி இல்லை என்று யாரும் தங்களுக்குச் சொல்லியிருந்தால் நம்பாதீர்கள். வெயில் இருக்கிறது, உப்புக் காற்று இருக்கிறது, சோளகம் இருக்கிறது. தீவிலுள்ள ‘தம்பபவனி’ காற்றாலைகளைச் சுழற்றுகிற அதே காற்றுத்தான் எங்கள் கொடியில் காயும் சேட்டின் தோள்மூட்டையும் பிடித்து இழுத்துப் பார்க்கிறது. கட்டணம் அறவிடுவதில்லை. காலையில் காயப்போட்ட ரீசேட்டைப் பின்னேரம் எடுத்தால், பக்கவாட்டில் இருந்த தையல் வயிற்றுக்கு நேரே வந்து நிற்கிறது. தெறியின் நூல்முனை ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் தயவுசெய்து இழுத்துவிட வேண்டாம். அது முடிச்சில்லாத சங்கிலித் தையல். நூல் முழுவதும் கையோடு வரும், தெறி மணலுக்குள் போகும். கடைத்தெருவில் அட்டைப்பெட்டியை ரசித்துத் தின்னும் எங்கள் ஊர்க் கழுதைகள், கொடியிலிருந்து விழுந்த சேட்டை மட்டும் முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகின்றன. ‘நூறு வீதம் கொட்டன்’ என்ற லேபலை அவை வாசிப்பதில்லை போலும்.

நாட்டில் தைக்கத் தெரிந்த கை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 5 பில்லியன் டொலருக்கு ஆடை ஏற்றுமதி செய்யும் நாடு இது. கட்டுநாயக்க ஏற்றுமதி வலயம் திறந்த 1978இலிருந்து பெருகிய இந்தத் தொழில், போருக்குப் பிறகு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்துசேர்ந்தது. வன்னிப் பிள்ளைகள் தைக்கும் உடுப்பு கடல் கடந்து போய் வருசக்கணக்கில் உழைக்கிறது. அந்த உடுப்புக்குக் காவல்காரர்கள் இருக்கிறார்கள். ஆயிரம் சேட் கொண்ட தொகுதி ஒன்று கப்பலேறு முன் 80 சேட்டை உருவியெடுத்து, தையலை இழுத்து, அளவை நாடா வைத்துப் பார்க்கிறார்கள். வழக்கமான கணக்கின்படி, பெரிய குறையுள்ளவை ஐந்து வரை இருந்தால் பொறுத்துக்கொள்வார்கள். ஆறாவது அகப்பட்டால் தொகுதி முழுவதும் திரும்பும்.

முன்பெல்லாம் எங்களுடைய நத்தார் உடுப்பு அந்த ஆறாவது சேட்தான். புறக்கோட்டையிலும் மகரகம பமுணுவையிலும் மூட்டையாகக் கட்டி, லொறியேறி, மன்னார்ப் பாலம் தாண்டி வரும். ‘ரிஜெக்ட்’ என்று சொல்லியே விற்பார்கள், சொல்லியே வாங்குவோம். ஒரு பொக்கற் கோணலாக இருக்கும், கை ஒன்று அரை அங்குலம் நீண்டிருக்கும். குறை அவ்வளவுதான். மற்றபடி துணி கெட்டி, தையல் கெட்டி. அண்ணன் போட்டுத் தம்பிக்கும் போகும்.

ஐயா, எங்கள் முறைப்பாடு ரிஜெக்டைப் பற்றியது அல்ல. ரிஜெக்ட் இப்போது கிடைப்பதில்லை என்பதுதான் முறைப்பாடு. வெளிநாட்டான் வேண்டாம் என்று ஒதுக்கியது இப்போது எங்களுக்கு உயர்தரமாகிவிட்டது. கடையில் தொங்குபவை எங்களுக்கென்றே தைக்கப்பட்டவை. இவற்றில் எண்பதை உருவிப் பார்க்க ஒருவரும் இல்லை. பார்த்தால் ஆறாவதைத் தேட வேண்டியதில்லை, முதலாவதே அகப்பட்டுவிடும்.

சாயம் பற்றியும் ஒரு வார்த்தை. சிவப்புச் சட்டை ஒன்றை வாளியில் ஊறப்போட்டால் அதனோடு கிடந்த வெள்ளைச் சாரமும் ரோசாவாகிறது. தலைமுறை தலைமுறையாகத் தோய்த்தும் போகாத சிவப்பு எங்கிருந்து வந்தது என்று தங்கள் கோப்புகளில் இருக்காது. இந்த மணலிலிருந்துதான் ஐயா. மன்னாரிலும் யாழ்ப்பாணத் தீவுகளிலும் சாயவேர் தோண்டி எடுக்க ஒல்லாந்தர் ஆள் வைத்திருந்தார்கள். யாழ்ப்பாணத்து ஒல்லாந்தக் கொம்மாந்தர் ஸ்வார்டகுரோன், தான் ஊரில் இல்லாத காலத்துக்காக 1697இல் தன் ஆலோசனைச் சபைக்கு எழுதிவைத்த குறிப்பில் சாயவேருக்கும் இடம் இருக்கிறது. படிகாரம் காட்டி அந்த வேரில் முக்கிய துணிதான் கடல் கடந்து விலைபோனது. தோண்டியவர்கள் அதனால் வாழ்ந்தார்கள் என்று சொல்ல மாட்டோம், அது வரிக்குப் பதிலாகப் பிழிந்தெடுத்த உழைப்பு. ஆனால் ஒல்லாந்தனுக்குச் சாயம் நிற்கிறதா என்ற கவலையாவது இருந்தது.

முறைப்பாடு சொல்ல 1977 என்ற இலக்கத்தை அழைக்கச் சொல்கிறீர்கள். இதைத் தெரிவுசெய்த உத்தியோகத்தருக்கு எங்கள் வணக்கம். ஜே.ஆர். ஜயவர்தன ஆட்சிக்கு வந்து இறக்குமதிக் கதவைத் திறந்ததும் அதே 1977இல்தான். அந்தக் கதவால் வந்த துணியால் நாடெங்கும் தறிகள் ஓய்ந்தன, நெய்த பெண்கள் வீட்டுக்குப் போனார்கள். அதற்கு முந்திய காலம் பொற்காலம் என்றும் சொல்ல வரவில்லை. அப்போது சங்கக் கடை வாசலில் துணிக்குக் காத்திருந்தோம். பொறுக்க முடியாதவர்களுக்கு இராமேஸ்வரம் பக்கமிருந்து இருட்டில் சேலை வந்தது. தரக்கட்டுப்பாட்டுச் சபை ஏதும் இல்லாத அந்த வியாபாரத்தில்கூட, உப்புத் தண்ணீர் பட்டும் நிறம் மாறாத சேலைதான் விலைபோயிற்று என்று பெரிய ஆக்கள் சொல்கிறார்கள். கடத்தல்காரரோடு தங்களை ஒப்பிடுவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒப்பிட்டால் அவர்கள்தான் கோபிப்பார்கள்.

வியாபாரிகளை மட்டும் குற்றம் சொல்லியும் பயனில்லை. 2022இல் டொலர் இருநூறு ரூபாவிலிருந்து 360 வரை ஏறியது. 2024 தொடக்கத்தில் வற் வரி 18 வீதமாயிற்று. சட்டைப் பையில் இருந்த காசு கூடவில்லை. ஆகவே விலையில் கூட்ட முடியாததைத் துணியில் குறைத்தார்கள். சதுர மீற்றருக்கு 180 கிராம் இருந்த இடத்தில் 140, கொட்டன் இருந்த இடத்தில் பொலியெஸ்டர், இரட்டைத் தையல் இருந்த இடத்தில் ஒற்றை ஓவர்லொக். உலகத்தில் உற்பத்தியாகும் நாரில் பாதிக்கு மேல் பொலியெஸ்டர்தானாம். சித்திரை வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு பேசாலைக் கரையில் வலை இழுத்துப் பார்த்தால் அந்தக் கணக்கின் சூடு தெரியும். விரலால் தடவியே வலை நூலின் தரம் சொல்லும் மீனவர், தன் சேட்டுக்கு வரும்போது லேபலை நம்ப வேண்டியிருக்கிறது. வருசத்துக்கு ஒன்று வாங்கியவர் இப்போது மூன்று வாங்குகிறார். இதைத்தான் மலிவு என்கிறார்கள்.

5 பில்லியன் டொலருக்கு உடுப்புத் தைக்கும் நாடு, 2025இல் தன் பாடசாலைப் பிள்ளைகளின் சீருடைத் துணி முழுவதையும் சீனாவிடம் அன்பளிப்பாகப் பெற்றதையும் இங்கே நன்றியோடு குறிப்பிடுகிறோம். நன்றி சீனாவுக்கு.

புதிய சட்டம் கேட்கவில்லை, ஆய்வுகூடமும் கேட்கவில்லை. ஒரு நெருப்புப்பெட்டி போதும். துணியிலிருந்து ஒரு நூலை உருவிப் பற்றவைத்தால், கொட்டன் கடதாசி எரிந்த மணத்தோடு சாம்பலாகும், பொலியெஸ்டர் உருகிக் கறுத்த மணியாய் உருளும். லேபல் பொய் சொல்கிறதா என்று அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். ‘விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படமாட்டாது’ என்று பற்றுச்சீட்டின் அடியில் அச்சடிக்கிறார்களே, அது செல்லுமா செல்லாதா என்பதையும் பஸ் நிலையத்தில் ஒரு பதாகை கட்டிச் சொல்லிவிடுங்கள். தமிழிலும் கட்டுங்கள். போன முறை வேறொரு திணைக்களத்துக்கு எழுதியதற்கு வந்த பதிலை வாசிக்க, சிங்களம் தெரிந்த ஒருவரைத் தேடி அலைய வேண்டியிருந்தது.

மார்கழியில் நகரத்தில் பண்டிகைக் கடைகள் போடும்போது ஒரு உத்தியோகத்தரை அனுப்புங்கள். நெருப்புப்பெட்டியோடு வரட்டும், வாளியும் தண்ணீரும் நாங்கள் தருகிறோம். விலைச்சீட்டைப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம். அந்த உடுப்பில் உறுதியாக ஒட்டியிருப்பது அது ஒன்றுதான்.

இங்ஙனம்,
தோய்க்கப் பயந்த பாவனையாளன்,
தலைமன்னார் வீதி, மன்னார்.