மாமா என்னும் புறம்போக்குச் சொல்

இவ்வாய்வின் பொருள் 'மாமா'. தமிழில் தாயின் உடன்பிறந்தான். சீனத்திலும் சுவாகிலியிலும் தாயே. ஜார்ஜிய மொழியில் தகப்பன். இந்த நான்கு மொழிகளுக்கும் இடையே கொள்வினை கொடுப்பினை கிடையாது. ஆகவே ஜார்ஜியாவைக் குமரிக்கண்டத்தின் வடக்கு வட்டமாக அறிவிக்கத் துடிக்கும் அன்பர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும்.

ஜார்ஜ் மர்டாக் உலகெங்குமிருந்து திரட்டிய 1,072 சொற்களை (தாய்க்கு 531, தந்தைக்கு 541) வைத்து மொழியியலாளர் ரோமன் யாக்கப்சன் ஒரு விளக்கம் தந்தார். பால் குடிக்கும் பிள்ளைக்கு வாய் அடைபட்டிருக்கும். சத்தம் மூக்கு வழியாகத்தான் வரும். அதுவே 'ம்'. பசித்தால் அதே முனகல் கோரிக்கையாகிவிடும்.

நமது கோட்பாடு இதற்கு ஒரு படி மேலே. 'மாமா' பட்டா இல்லாத நிலம். முதலில் வேலி போட்டவருக்கே அனுபோகம். சீனத்தில் தாய் முந்திக்கொண்டாள். ஜார்ஜியாவில் தகப்பன் வளைத்துப்போட்டதால் தாய்க்கு 'தேதா' மிஞ்சியது. சேவல்கூட அங்கே 'மாமாலி'. தேதா சும்மா இருக்கவில்லை: தாய்மொழி 'தேதாஏனா', தலைநகரம் 'தேதாகலாகி'. திபிலீசிக் குன்றின்மேல் 1958இல் எழுப்பிய 'கார்த்லிஸ் தேதா' சிலையும் 20 மீட்டர் உயரம். ஒரு கையில் விருந்தாளிக்கு ஒயின் கிண்ணம், மறு கையில் பகைவனுக்கு வாள். இழப்பீடு வட்டியோடு வசூலாகிவிட்டது.

தமிழகத்தில் தாய் 'அம்மா'வைப் பத்திரம் செய்துகொண்டாள். 'மாமா' காலியாகக் கிடந்தது. தாய்மாமன் நுழைந்த விதத்துக்குக் காதுகுத்தே சான்று. மொட்டைத் தலையில் சந்தனத்தோடு பிள்ளை மாமன் மடியில். ஆசாரி ஊசியை உள்ளங்கையில் மறைத்தபடி நெருங்குகிறார். அலறுவதற்குள் யாரோ வாழைப்பழத்தை வாயில் திணிக்க, அழுகை 'ம்... ம்...' என மூக்கால் வெளிவருகிறது. யாக்கப்சன் சொன்ன அதே ஒலி! "என்னையத்தான்யா கூப்பிடுது" என்று மாமன் தோட்டை எடுத்து நீட்டுகிறான். சீர்வரிசைத் தட்டுகள் வேலிக்கற்கள் என்பது நம் துணிபு.

மலேசியாவில் தமிழ் முஸ்லிம்களின் சாப்பாட்டுக்கடை 'மாமாக் கடை' ஆனது தனி ஆய்வுக்கு உரியது. சென்னையில் போக்குவரத்துக் காவலரும் மாமாதான். ஹெல்மெட் இல்லாதவன் சிக்னலில் அவரைக் கண்டதும் எழுப்பும் முனகலும் மூக்கொலியே. ஒரே வேறுபாடு, இந்த மாமாவுக்குச் சீர் செய்வது மருமகன்.