ஒரு புத்தகம், நான்கு தலைகள்

‘அமைதி காக்கவும்’ என்ற பலகையை நூலகச் சுவரில் முதலில் மாட்டியவர், குழந்தைகளை அடியோடு மறந்திருக்க வேண்டும். அல்லது அவர்களை மட்டுமே நினைத்திருக்க வேண்டும். ஒரே புத்தகத்தின் மேல் நான்கு தலைகள் கவிழ்ந்தால், “இருடா, நான் இன்னும் முடிக்கல”, “படத்த மறைக்காத”, “இப்ப பூதம் வரும் பாரு” என்று ஒரு வழக்காடு மன்றமே நடந்த பிறகுதான் பக்கம் புரளும். பெரியவர்கள் இதைக் கூச்சல் என்கிறார்கள். இதுதான் வாசிப்பு என்பது என் கட்சி. சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன் நூலகத்துக்கென்று வகுத்த ஐந்து விதிகளை 1931இல் நூலாக வெளியிட்டார். உலகமே ஏற்றுக்கொண்ட அந்த ஐந்தில் ஒன்றுகூட வாயை மூடச் சொல்லவில்லை. அதற்கு வெகுகாலம் முன்பே, சுவடியில் எழுதிய நூலைச் சபை கூட்டி வாய்விட்டுப் படித்துத்தான் அரங்கேற்றினார்கள். பெரிய எழுத்துக் கதைகளையும் எழுத்துத் தெரிந்த ஒருவர் திண்ணையில் உரக்கப் படிக்க, சுற்றி உட்கார்ந்தவர்கள் கேட்டார்கள். உதடு அசையாமல் தனியாகப் படிப்பதுதான் நமக்குப் புதுப் பழக்கம். கதை தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருப்பது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு வேதாளக் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். வேதாளம் கேட்கும் கேள்விக்குப் பதில் தெரிந்தும் பேசாவிட்டால் விக்கிரமாதித்த ராஜாவின் தலை வெடித்துவிடும். பேசினாலோ வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறிவிடும். அம்புலிமாமா இதழில் தலைமுறை தலைமுறையாக இதைப் படித்த பிள்ளைகளுக்கு ராஜாவின் சங்கடம் நன்றாகவே புரிந்திருக்கும். கதையின் முடிவு தெரிந்த எட்டு வயதுக்காரர் நூலகத்தில் படும் பாடும் அதேதான். அவர் தலையைக் காப்பாற்றிக்கொள்கிறார். நூலகர் அவரை வெளியே அனுப்புகிறார்.

ஒருவன்தானே படிக்கிறான், மற்றவர்கள் சும்மா படம் பார்க்கிறார்களே என்பார்கள். சும்மா பார்ப்பதில்லை, தணிக்கை செய்கிறார்கள். எழுத்துக்கூட்டத் தெரியாத நான்கு வயதுக்கும் கதை மனப்பாடம். ஒரு வரி விட்டுப்போனால் பிடித்துவிடும். சீக்கிரம் தூங்கவைக்கலாம் என்று இரண்டு பக்கங்களைச் சேர்த்துப் புரட்டிப் பார்த்த அப்பாக்களைக் கேளுங்கள். வேகமாகப் படிக்கும் பிள்ளைக்குக் காத்திருப்பது தண்டனையல்லவா என்றால், அந்த இடைவெளியில்தான் அது அடுத்த பக்கத்தைத் தானே கற்பனை செய்து, பல சமயம் ஆசிரியரை விட நன்றாகவே கதையை முடித்துவைக்கிறது. மெதுவாகப் படிப்பவனைக் கேலி செய்வார்களே என்ற ஆட்சேபம் மட்டும் கனமானது. சிரிப்புக்கு ஆளான பிள்ளை புத்தகத்தையே வெறுத்துவிடும். அதற்கு மருந்து தனிமை இல்லை. கூட ஒரு பெரியவர் உட்கார்ந்து, தாமும் நாலு இடத்தில் ழகரத்தில் தடுக்கி விழுவதுதான். அது பெரும்பாலோருக்கு நடிக்காமலேயே வரும். புத்தகம் கிழிகிறதே என்ற புகாருக்குப் பசை போதும்.

ஆகவே, பிறந்தநாளுக்குப் புத்தகம் வாங்கப் போகிறவர்களே, வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருந்தால் சண்டை வருமே என்று இரண்டு பிரதி வாங்காதீர்கள். ஒன்றே வாங்குங்கள்.