வைதது போதும்

கே: நடந்த கொடுமைக்கு என்னை நானே திட்டிக்கொண்டே இருக்கிறேன். 'உங்கள்மேல் கொஞ்சம் இரக்கம் காட்டுங்கள்' என்கிறார் மனநல ஆலோசகர். சோம்பேறி ஆகிவிட மாட்டேனா?
(வாசகர், சேலம்)

ப: திட்டு வாங்கியே குணமானவர் யாரையாவது காட்டுங்கள், நானும் சேர்ந்து திட்டுகிறேன். உளவியலாளர் கிறிஸ்டின் நெஃப் 2003இல் இந்த இரக்கத்துக்கு மூன்று கூறுகள் சொன்னார்: தன்னிடம் கனிவு, வலி தனக்கு மட்டுமே வந்ததல்ல என்ற நினைவு, அந்த வலியை மறைக்காமலும் ஊதிப் பெருக்காமலும் பார்ப்பது. 'இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கு' என்று நாலாவது எதுவும் இல்லை.

கே: சுனாமியில் என் கையிலிருந்து தம்பி நழுவிப் போனான். எனக்கு அப்போது பதினான்கு வயது. இறுக்கிப் பிடித்திருக்கலாமே என்று இன்னமும் தோன்றுகிறது.
(வாசகி, நாகை)

ப: 2004 டிசம்பர் 26 காலை ஆறரை மணிக்குச் சுமத்ரா அருகே கடலடியில் பூமி அதிர்ந்தது. நாகைக் கரையை அலை தொட்டபோது ஏறக்குறைய ஒன்பது. இடையில் யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை. சொல்வதற்கு அப்போது இந்தியப் பெருங்கடலில் எச்சரிக்கை ஏற்பாடே இல்லை. ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது 2007இல். அரசாங்கங்களுக்கே தெரியாதது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று இருபது வருஷமாக வழக்கு நடத்துகிறீர்கள். குற்றவாளி நீங்கள், நீதிபதியும் நீங்கள்; வக்கீல் மட்டும் வைத்துக்கொள்ளவில்லை.

மனம் பழியை லேசில் விடாது. 'என் தப்பு' என்றால், தடுத்திருக்க முடியும் என்றாவது ஆகிறது. 'எதுவும் செய்திருக்க முடியாது' என்பதைத் தாங்குவது அதைவிடக் கடினம். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு, 2013 பதிப்பில், இப்படித் தன்மேல் பழி போட்டுக்கொள்வதைப் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஉளைச்சல் நோயின் அறிகுறிகளில் சேர்த்தது. அறிகுறியைப் போய்த் தீர்ப்பு என்று எடுத்துக்கொள்ளலாமா? அன்று அலையில் சிக்கிய குழந்தைகள் இரண்டு, அம்மா. நீங்கள் ஒரு குழந்தைக்காக மட்டுமே அழுகிறீர்கள்.

கே: என்னிடம் நானே கனிவாகப் பேசிப் பார்த்தேன். அழுகை கூடிவிட்டதே!
(வாசகர், திருச்சி)

ப: கூடும். பூட்டிய அறைக்குள் புகைகிற நெருப்பு, கதவைத் திறந்ததும் காற்று பட்டுக் குப்பென்று பற்றிக்கொள்ளும். தீயணைப்பு வீரர்கள் அஞ்சுகிற இதையே மனத்துக்கும் சொல்கிறார் உளவியலாளர் கிறிஸ்டோபர் ஜெர்மர். கதவை ஒருக்களித்துத் திறங்கள். பாதம் தரையில் படுவதைக் கவனியுங்கள், சூடாக ஒரு டீ குடியுங்கள். அன்றைக்கு அது போதும். தனியே தாங்கவில்லை என்றால் 14416க்குப் பேசுங்கள். அரசின் டெலி மானஸ் சேவை, கட்டணம் கிடையாது.

கே: 'நடந்ததை மறந்துடு' என்கிறார்களே சொந்தக்காரர்கள்?
(வாசகி, மதுரை)

ப: சொல்கிறவரிடம், உங்கள் வீட்டுக் கல்யாணத்தில் தன்னை முதல் பந்தியில் உட்காரவைக்காததை மறந்துவிட்டாரா என்று கேளுங்கள்.