பிராக் நகரத்துச் செலவுக் கணக்கு

டிரெஸ்டன்,
ஜனவரி 22

மாமா அவர்களுக்கு,

சிநேகிதர்களோடு நான் பிராக் நகரத்துக்குப் போய் மூன்று நாள் இருந்துவிட்டு வந்த செய்தியை அம்மா மூலம் அறிந்து, "வீட்டு வாசலிலேயே கிடைக்கிற குளிரை வெளியூருக்குப் போய்க் காசு கொடுத்து வாங்குவானேன்? என்ன செலவாயிற்று என்று எழுதச் சொல்" என்று தாங்கள் உத்தரவிட்டதாகத் தெரிந்துகொண்டேன். தமிழாசிரியராக இருந்தும், இராமேசுவரம் போய்வந்த செலவைக் கற்பூரக் கட்டி வரையில் நோட்டில் குறித்து வைத்திருக்கும் தங்களிடம் மொத்தத் தொகையை மட்டும் சொல்லித் தப்ப இயலாது; ஆகையால் இனவாரியாகவே சமர்ப்பிக்கிறேன்.

குளிர்காலத்தைத் தேர்ந்தெடுத்த குற்றம் முதலாவதாகத் தங்களையே சாரும். நான் ஏழாம் வகுப்புப் படிக்கையில், சாரல் இல்லாத மாசி மாதத்தில் அறை வாடகை பாதிதான் என்பதற்காக எங்களையெல்லாம் குற்றாலத்துக்கு அழைத்துப் போய், நூலைப்போல ஒழுகிக்கொண்டிருந்த அருவியின் முன்னால் நிறுத்தி, "தண்ணீர் இல்லாவிட்டால் என்ன, பாறையை நன்றாகப் பார்க்கலாம்" என்று தாங்கள் அருளிச்செய்த உபதேசம் என் மனத்தில் வேரூன்றிவிட்டது. கிறிஸ்துமஸ் சந்தைகள் ஜனவரி முதல் வாரத்தோடு கலைந்தவுடன் பிராக் நகரத்து விடுதிகளும் மாசி மாதத்துக் குற்றாலமாகிவிடுகின்றன என்று கேள்விப்பட்டதும், சேலத்துக்காரர், யாழ்ப்பாணத்துக்காரர், குண்டூர்க்காரர், நான் ஆகிய நால்வரும் ஆளுக்கு ஒன்பது யூரோவில் அதிகாலைப் பேருந்துக்குச் சீட்டு வாங்கிவிட்டோம். டிரெஸ்டனிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர். இரண்டு மணி நேரப் பிரயாணம்.

உடை விஷயத்தில் செலவே இல்லை. இருந்ததையெல்லாம் ஒரே சமயத்தில் உடுத்திக்கொண்டதால் பெட்டிக்கும் வேலையில்லாமற் போயிற்று. பேருந்திலிருந்து இறங்கியபோது உறைநிலைக்கு எட்டுப் பாகை கீழே இருந்தது. அத்தை கொடுத்தனுப்பிய புளிக்காய்ச்சலைக் கொண்டு நான் விடியுமுன் எழுந்து கிளறிய புளியோதரையை, ஆற்றங்கரைப் பெஞ்சு ஒன்றில் அமர்ந்து பக்தியோடு பிரித்தபொழுது, சோறு தனித்தனியே கற்கண்டாக நின்றது; கடலைப்பருப்புக்கும் அரிசிக்கும் பல்லுக்குத் தெரிந்த வித்தியாசம் ஒன்றுமில்லை. ஆறு வாத்துகள் சுற்றி வந்து பார்த்து, எங்கள் சாப்பாட்டில் பங்கு கேட்காமலே போய்விட்டன.

அடுத்தபடியாக, நஷ்டமாகி மீண்ட தொகை. செக் நாட்டார் யூரோவை ஏற்றுக்கொள்ளாமல் கொருனா என்னும் தங்கள் சொந்த நாணயத்தையே வைத்திருக்கிறார்கள். ஒரு யூரோவுக்கு ஏறக்குறைய 25 கொருனா. "தரகு கிடையாது" என்று ஆளுயர எழுத்தில் எழுதியிருந்த ஒரு கடையில் குண்டூர்க்காரர் 50 யூரோவை நீட்ட, 800 கொருனா வந்தது. 450 கொருனா எங்கே போயிற்று என்று பார்த்தால், அது எறும்பளவு எழுத்தில் மூலையில் அச்சிட்டிருந்த மாற்று விகிதத்துக்குள் போயிருந்தது. அந்த நாணயமாற்றுக் கடையில் மாற்று இருந்தது, நாணயந்தான் இல்லை. எதையும் படித்துவிட்டே ஊருக்குப் புறப்படும் சேலத்துக்காரர், மூன்று மணி நேரத்துக்குள் இத்தகைய மாற்றத்தை ரத்து செய்யலாம் என்று 2019 முதல் அந்த நாட்டில் சட்டம் இருப்பதை எடுத்துச் சொல்லி, ரசீதைக் காட்டி, முழு 50 யூரோவையும் மீட்டு வந்தார். அன்று முழுதும் அவருக்கு நாங்கள் கொடுத்த மரியாதையை வக்கீல்கள் கண்டிருந்தால் பொறாமைப்பட்டிருப்பார்கள்.

தங்குமிடம் ஒன்பது கட்டில் கொண்ட ஓர் அறை. கட்டிலின்மேல் கட்டிலாக அடுக்கியிருந்ததில் எனக்கு மேல்தளம் வாய்த்தது. கீழே படுத்திருந்த முன்பின் அறியாத ஒரு பெரியவர் விட்ட குறட்டை, ஆரோகணம் அவரோகணம் இரண்டும் பிசகாமல், விடியும் வரையில் ஒரே ராகத்தில் நடந்தது. கச்சேரிக்குக் கட்டணமில்லை.

இனி, இலவசமாகப் பார்த்தவை. பழைய நகரத்து மாளிகைச் சுவரில் 1410-ஆம் ஆண்டில் அமைத்த வானியல் கடிகாரம் ஒன்று இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. சூரியன், சந்திரன், இராசி சக்கரம் எல்லாவற்றையும் காட்டும். மணிதோறும் ஓர் எலும்புக்கூடு கயிற்றை இழுத்து மணியடிக்க, மேலே இரண்டு சன்னல்களில் ஏசுவின் சீடர்கள் பன்னிருவர் வரிசையாக வந்து போக, முடிவில் பொற்சேவல் ஒன்று கூவுகிறது. இதற்காக நாற்பது நிமிஷம் கால் மரத்து நின்றோம். காட்சி ஒரு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. ஆனால் கடிகாரத்தின் மறுபக்கத்தில் பணப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு கருமியின் பொம்மை நிற்கிறது. மரணம் மணியடித்துக் கூப்பிடும்போதெல்லாம் அது 'வரமாட்டேன்' என்று தலையை ஆட்டுகிறது. மூன்று சிநேகிதர்களும் பொம்மையை ஒரு முறை, என்னை ஒரு முறை பார்த்தார்கள். நான் தங்களை நினைத்துக்கொண்டேன், மன்னிக்கவும்.

வல்தாவா நதியின்மேல் உள்ள சார்லஸ் பாலத்துக்கு நான்காம் சார்லஸ் மன்னர் 1357-இல் அஸ்திவாரமிட்டார். நீளம் 516 மீட்டர், இரு மருங்கிலும் 30 சிலைகள். சுண்ணாம்புக் காரையில் சேர்ப்பதற்காக நாடெங்குமிருந்து கோழி முட்டை வரவழைத்தார்கள் என்றும், வெல்வரி என்ற ஊரார் மட்டும் வழியில் உடைந்துவிடக்கூடாதே என்ற நல்லெண்ணத்தால் முட்டைகளையெல்லாம் அவித்து அனுப்பிவிட்டார்கள் என்றும் ஒரு கதை அங்கே வழங்குகிறது. காரைக்குடி வீட்டுச் சுவர்களில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய கதையை நான் பதிலுக்குச் சொன்னேன். எங்கள் பக்கத்தில் அவித்து அனுப்பியவர் எவருமில்லை என்று நான் பெருமையோடு முடிக்கும்போது, காலையில் புளியோதரையைக் கல்லாக்கிக் கொண்டுவந்தவர் எந்த ஊர் என்று யாழ்ப்பாணத்துக்காரர் வினவினார்.

அவரே இன்னொன்றும் கண்டுபிடித்தார். வல்தாவா, மெல்னிக் என்னும் இடத்தில் எல்பை நதியோடு கலக்கிறது. எல்பை நேரே டிரெஸ்டனுக்கு வருகிறது. ஒன்பது யூரோ கொடுத்து நாங்கள் பார்க்கப்போன தண்ணீர், சில நாளில் என் அறையின் அருகாகவே சீட்டில்லாமல் ஓடுகிறது! இதை முன்பே அறிந்திருந்தால் பேருந்துச் செலவு மிச்சமாகியிருக்கும்.

உணவில் புலால் உண்ணாதவனுக்கு அந்த நகரம் அளிக்கும் அபயம் ஒன்றே ஒன்று: பாலாடைக்கட்டியை ரொட்டித்தூளில் புரட்டி எண்ணெயில் பொரித்துத் தருகிறார்கள். பஜ்ஜியின் தூரத்து உறவு. மூன்று நாளில் ஐந்து வேளை அதையே உண்டேன். குண்டூர்க்காரரின் ஆவக்காய் ஊறுகாய் இல்லாவிட்டால் நான் திரும்பியிருப்பது சந்தேகம். சில கடைகளில் பீர் தண்ணீரைவிட மலிவு என்று சிநேகிதர்கள் சொன்னார்கள். தண்ணீரின் விலையை நான் நேரில் அறிவேன். அந்தத் தண்ணீரை வெளியேற்றப் பொதுக் கழிப்பிடத்தில் மறுபடியும் கட்டணம்.

தங்களுக்காகவே ஓர் இடத்துக்குப் போனேன். தங்கள் அலமாரியில் யாருடைய நூல்கள் வரிசையாக நிற்கின்றனவோ, சிலப்பதிகாரத்தைச் செக் மொழியில் பெயர்த்த அந்தக் கமில் சுவெலபில் 1927-இல் பிறந்தது இந்த நகரத்தில். தமிழைக் கற்பித்தது 1348-இல் நிறுவப்பெற்ற இங்குள்ள சார்லஸ் பல்கலைக்கழகத்தில். அதன் வாசலில் மாலை நாலரை மணிக்கு இருட்டில் நின்றபோது, இந்தக் குளிரில், இந்தத் தெருவிலே, ஒரு மனிதர் கையுறைக்குள் விரல் விறைத்தபடி நம் இலக்கணத்தைச் சுமந்து நடந்திருப்பார் என்று தோன்றியது. தமிழ்நாட்டில் இருந்துகொண்டே தாங்கள் மூன்று முறை சொல்லிக்கொடுத்தும் நான் நன்னூலைக் கற்காமல் ஏமாற்றியது நினைவுக்கு வந்து, சிறிது நேரம் பேசாமல் நின்றேன். சிநேகிதர்கள் எனக்குக் குளிர் தலைக்கேறிவிட்டதாக எண்ணி ஒரு காப்பி வாங்கிக் கொடுத்தார்கள். அந்தக் கடன் இன்னும் நிற்கிறது.

தங்கள் கேள்விக்கு விடை இதுதான். வசந்தத்தில் அந்தப் பாலத்தின்மேல் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நடக்கவேண்டுமாம். நாங்கள் காலை எட்டு மணிக்குப் போனபோது, பனியைத் தலையில் சூடிக்கொண்டு நின்ற 30 சிலைகளும் நாங்கள் நால்வரும் தவிர ஒருவருமில்லை. பாறையை நன்றாகப் பார்த்தோம், மாமா.

மொத்தச் செலவு, ஆளுக்கு 118 யூரோ. மிஞ்சிய சில்லறையை நாணயமாற்றுக் கடைகள் பெரும்பாலும் திரும்ப வாங்குவதில்லை. ஆகையால், 'பிராக், நகரங்களின் தாய்' என்று இலத்தீனில் பொறித்த 50 கொருனா நாணயம் ஒன்றைப் பங்குனியில் ஊருக்கு வரும்போது தங்களுக்குக் கொண்டுவருகிறேன். அதைக் கணக்கில் வரவு வைத்துக்கொள்ளவும். அத்தையிடம் இன்னொரு பாட்டில் புளிக்காய்ச்சல் வேண்டுமென்று சொல்லவும். புளியோதரைக்கு நேர்ந்த கதியை மட்டும் சொல்லவேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மருமகன்